கோடி வைக்காமல் வெட்டிய குழி: தருமபுரியில் எங்கள் வீட்டு மழைத்தோட்டம்

வீட்டில் மழைத்தோட்டம் (மழைத்தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம்) போட்டோம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். இரண்டு போட்டோம். முதலாவது ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை, நாங்களே மண் அடித்து மூடினோம். இரண்டாவது இப்போது வாசலில் இருக்கிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒரு சுற்று முடித்துவிட்டது. நன்றாக வந்ததை மட்டும் எழுதினால் படிப்பவர்கள் நாங்கள் செய்த அதே தப்பைத்தான் செய்வீர்கள் என்பதால், மூடிய குழியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி டவுனை ஒட்டி இலக்கியம்பட்டி பக்கம், 50க்கு 60 மனை. வீடு கிழக்குப் பார்த்தது, கூரை 1,050 சதுர அடி. 2011இல் கட்டும்போது சுற்றிலும் காலி மனைதான். நிலம் லேசாக வடக்கே சரியும், அதனால் எங்கள் மனையில் விழும் தண்ணீர் வடக்கு காம்பவுண்டில் விட்டிருந்த ஓட்டை வழியாகப் பக்கத்து மனைக்குப் போய்விடும். பதினோரு வருடம் மழைத்தண்ணீர் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 2022இல் வடக்கு மனைக்காரர் டிராக்டர் டிராக்டராக ஏரி மண் கொட்டி மூன்று அடி உயர்த்தி வீடு கட்டினார். ஓட்டை அடைபட்டது. அவர் மேல் குற்றம் இல்லை, அவர் மனை, அவர் மண். அதற்குள் தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சிமெண்டு ரோடும் எங்கள் வாசலைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. ஆக, எங்கள் வீடு தட்டுக்கு நடுவில் வைத்த கிண்ணம் மாதிரி ஆனது.

மழைநீர் சேகரிப்புக் குழி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆயிற்றே, அதனால் பிளான் அனுமதிக்காக ஒரு குழி கட்டி, மேலே ஸ்லாப் போட்டு, பைப்பையும் இறக்கி போட்டோ எடுத்ததோடு சரி. பத்து வருடம் கழித்து ஸ்லாப்பைத் தூக்கிப் பார்த்தால் விளிம்பு வரை தூர்ந்து கிடக்கிறது, நடுவில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது.

எங்களை உலுக்கியது 2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். எங்கள் ஊரில் அந்த அளவு இல்லை. ஆனால் போர்டிகோவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, நடையைத் தாண்டி உள்ளே வர ஒரு விரல் கடைதான் பாக்கி. பழைய லுங்கி, கோணிப்பை, மாவு மூட்டை எல்லாவற்றையும் வாசற்படியில் அடுக்கிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் மழைத்தோட்டம் பற்றிப் படித்தேன். விஷயம் எளிதுதான். கூரையிலிருந்தும் சிமெண்டுத் தரையிலிருந்தும் ஓடி வரும் தண்ணீரை அரை அடி ஆழமுள்ள, அகலமான ஒரு பள்ளத்துக்குத் திருப்பி, ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் மண்ணுக்குள் இறங்க விடுவது. பள்ளத்தில் செடி இருக்கும், அதன் வேர் மண்ணை இறுகவிடாமல் பார்த்துக்கொள்ளும். குளமும் இல்லை, உறிஞ்சுகுழியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. 1990 வாக்கில் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜ் கவுன்டியில் புது வீட்டு மனைகளுக்காக இதை ஒரு முறையாக வகுத்தார்கள், அங்கிருந்து பரவியது. பெயர் புதிது. தண்ணீரை வரப்புக் கட்டி நிறுத்தி மண்ணுக்குக் கொடுப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை, அதை நான் மாமனாரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூடிய குழி

2025 ஜனவரி. தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே வெட்டிவிட்டால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் சரி என்றுதான் படும், இல்லையா? வடமேற்கு மூலையில்தான் எப்போதும் நிற்கும். எனவே அங்கே 8க்கு 7, ஒன்றே கால் அடி ஆழத்தில் ஒரு குழி. ஒரு அடி போனதும் கடப்பாரை ணங் என்றது. பாறை என்று நினைத்தோம். பாறை இல்லை, வீடு கட்டும்போது மேஸ்திரி கலவை கழுவி ஊற்றின இடம், உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, கெட்டிப்பட்ட சிமெண்டுப் பால் எல்லாம் சேர்ந்து ஒரு தளம் மாதிரி இருந்தது. வெட்டின ஆள் "இதுக்கு மேல போக வேணாங்க மேடம், இதுவே போதும்" என்றார். எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. நர்சரியில் கேட்டேன், தண்ணீர் நிற்கும் இடம் என்றதும் கல்வாழையும் வல்லாரையும் சேம்பும் கொடுத்தார்கள். நட்டுவிட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன்.

மே மாதம் இரண்டு நாள் விட்டுவிட்டுக் கோடை மழை. குழி நிரம்பியது. சந்தோஷம். அடுத்த நாளும் நிரம்பியே இருந்தது. நாலாவது நாள் குனிந்து பார்த்தால் கொசுப்புழு நெளிகிறது. அஞ்சாவது நாள் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் குடுகுடு என்றது. ஏனென்றால் செப்டிக் டேங்க்கும் அதன் உறிஞ்சுகுழியும் அதே வடமேற்கு மூலையில், குழியிலிருந்து ஆறு அடியில் இருந்தன. உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணையெல்லாம் நானே ஊறவைத்துவிட்டேன், அது எங்கே உறிஞ்சும்? போதாக்குறைக்கு படுக்கையறைச் சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறியது, குழி சுவரிலிருந்து மூன்றடி தள்ளித்தான் இருந்தது. டெங்கு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் அம்மா குழியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "படிச்சவங்க நீங்களே இப்படிக் கொசு வளர்த்தா எப்படிங்க" என்று கேட்டுவிட்டு மருந்து ஊற்றிவிட்டுப் போனார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து மாமனார் வந்திருந்தார். குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கண்ணு, ஏரி வெட்டுனா முதல்ல கோடி எங்கன்னு பாக்கணும். உன் ஏரிக்கு கோடி எங்க?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிவதைக் கோடி போகிறது என்போம். வேறு ஊரில் கலங்கல் என்பார்கள். நிரம்பினால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கரையே போடுவார்கள், இல்லையென்றால் வழியைத் தண்ணீரே முடிவு செய்துகொள்ளும். நான் வெட்டின குழிக்குக் கோடி கிடையாது. அதற்கு அடுத்த இடம் எங்கள் படுக்கையறைதான்.

வெட்டியது, செடி, மறுபடி மண் அடித்து மூடியது எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். இதைப் பள்ளிக்கட்டணம் என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு அடிக் குழியும் மரஸ்கேலும்

தண்ணீர் வழக்கமாகத் தேங்கி நிற்கும் இடம் மழைத்தோட்டத்துக்கு ஆகாத இடம். மண் உறிஞ்சாததால்தான் அங்கே நிற்கிறது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் 4,200 மிச்சம். உறிஞ்சும் மண் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும்.

உறிஞ்சுகிறதா என்று பார்க்க லேப் எதுவும் வேண்டாம். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விட வேண்டும். முதல் தடவை இறங்குவதை நம்பக் கூடாது, காய்ந்த மண் குடிகாரன் மாதிரி குடிக்கும். இரண்டாவது தடவை நிரப்பி, மரஸ்கேலை நட்டு வைத்து, மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு அரை அங்குலமாவது இறங்கினால் வேலை ஆகும். நான் மூன்று இடத்தில் பார்த்தேன். மூடிய குழி பக்கத்தில் (சும்மா தெரிந்துகொள்ள) ஒரு நாள் முழுக்க இரண்டு அங்குலம். தெற்கே மாமரத்தடியில் மணிக்கு ஒரு அங்குலம், நல்ல மண்தான், ஆனால் கடப்பாரை போட்ட இடமெல்லாம் வேர். பங்கனப்பள்ளி மரத்தை வெட்டிக் காயப்படுத்தித் தோட்டம் போடுவது எந்த ஊர் நியாயம், விட்டுவிட்டேன். வடகிழக்கு மூலை, வாசலுக்கு வலது பக்கம், இதுவரை யாரும் ஒன்றும் கொட்டாத இயற்கை செம்மண், கீழே சரளை கலந்து வந்தது. மணிக்கு ஒன்றேகால் அங்குலம். அரை அடித் தண்ணீர் நின்றாலும் ஐந்து மணி நேரத்தில் போய்விடும் கணக்கு.

மாமியாருக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஈசானிய மூலையில் தண்ணீர் வந்தால் நல்லதாம். முதல் குழி வாயு மூலையில் இருந்ததால்தான் கெட்டுப்போனது என்பது அவர் முடிவு. மரஸ்கேலும் அதையேதான் சொன்னது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

எவ்வளவு பெரிதாக வெட்டுவது? கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரையின் முன்பாதி 525 சதுர அடி, அதாவது 49 சதுர மீட்டர் சுமார். 25 மில்லிமீட்டர் மழை (நம் பக்கம் அது ஒரு நல்ல மழை, தெருவில் ஓடும்) பெய்தால் 1,200 லிட்டர், தளத்தில் ஊறுவது, தெறிப்பது போக 1,100 வரும். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் தண்ணீர் வரும் கூரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போதும், மண் மெதுவாகக் குடித்தால் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியிருக்கும். 14 அடிக்கு 8 அடி என்று முடிவு செய்தேன், 112 சதுர அடி. அரை அடி ஆழம். கரை சரிவாக இறங்குவதால் முழுக் கணக்கும் நிற்காது, 1,250 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டேன். 25 மில்லிமீட்டர் மழையை வழியாமல் விழுங்கிவிடும், தன்மேல் நேராக விழுவதையும் பெய்யப் பெய்ய இறங்குவதையும் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, செப்டிக் டேங்க் இருக்கும் மூலையை விட்டு விலகி வேறு மூலை. இந்த முறை அதைத்தான் முதலில் அளந்தேன்.

மட்டம்

ஜூன் மாதம் ஆரம்பித்தோம். வேலைக்கு வந்த மேஸ்திரி அண்ணனிடம் ரசமட்டம் இருந்தது, ஆனால் பதினாலு அடிக்கு அது போதாது. டியூப் லெவல் கொண்டுவரச் சொன்னேன். பார்க்காதவர்களுக்கு: நீளமான கண்ணாடி மாதிரி டியூப், உள்ளே தண்ணீர், இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும் இரண்டு இடமும் ஒரே மட்டம். உள்ளே ஒரு கொப்புளம் இருந்தால்கூடக் கணக்கு தப்பும், அதனால் அண்ணன் முதலில் டியூப்பைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் காற்றை எடுத்தார். இதில்தான் அரை நாள் போனது. மண் வெட்டுவது மீதி அரை நாள்.

ஏன் இவ்வளவு? பள்ளத்தின் தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும், நாற்றங்கால் மாதிரி. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் அங்கேயே நிற்கும், அந்த இடம் சேறாகி அடைத்துக்கொள்ளும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். அடுத்தது கோடி. தெருச் சாக்கடையின் அடி எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி கீழே இருந்தது. ரோடு உயர்ந்துவிட்டதால் தண்ணீர் அங்கே போகாது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். ரோட்டைத் தாண்டத் தேவையில்லை, காம்பவுண்டுக்கு அடியில் துளை போட்டு, ரோட்டுக்கு முன்னாலேயே இருக்கும் மழைநீர்க் கால்வாயில் விட்டால் போதும். டியூப்பைப் பிடித்துப் பார்க்கும் வரை இது தெரியவில்லை. பள்ளத்தின் தரையிலிருந்து சரியாக ஆறு அங்குல உயரத்தில் நாலு இஞ்ச் பிவிசி பைப்பின் வாய், அங்கிருந்து கால்வாய்க்கு இருபது அடியில் இரண்டு அங்குல வாட்டம். சுற்றியுள்ள கரை கோடியைவிட நாலு அங்குலம் உயரம். வெட்டிய மண்ணையே வீட்டுப் பக்கம் வரப்பாகப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தினோம், பள்ளத்துக்குள் மட்டும் யாரையும் மிதிக்க விடவில்லை. உள்ளே இன்னொரு அடிக்குக் கொத்திவிட்டு மட்கிய எருவைக் கலந்தோம், மணல் சேர்க்கவில்லை, எங்கள் மண்ணுக்குத் தேவைப்படவில்லை. களிமண் உள்ளவர்கள் பாதிக்கு மேல் மணல் கலக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு வேறு.

கூரைத் தண்ணீர் இறங்கும் முன்பக்க இரண்டு தூம்பையும் ஒரே பைப்பில் சேர்த்துப் பள்ளத்தின் தெற்கு முனையில் விட்டோம். பின்பக்கத் தண்ணீருக்கு அந்தப் பழைய குழியைத் தூர்வாரி உயிர் கொடுத்தோம். அரசங்கன்றைப் பிடுங்க மாமியார் விடவில்லை, அது இப்போது தொட்டியில் இருக்கிறது.

கடலைத் தோல் மிதந்த ராத்திரி

ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நேர்ப்பக்கமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டி வைத்திருந்தேன், அதுதான் என் மழைமானி, காலையில் 32 மில்லிமீட்டர் காட்டியது. ஒரு மணிக்கு எழுந்து போர்டிகோ லைட்டைப் போட்டால் தண்ணீர் வரப்பைத் தாண்டி வாசலை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பள்ளம் விளிம்பு வரை, மேலே ஒரே பழுப்பு. மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு நான் போட்டிருந்தது கடலைத் தோல். இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்கும், மண்ணுக்கு நல்லது என்று நாலு மூட்டை போட்டிருந்தேன். அத்தனையும் மிதந்துபோய் கோடிப் பைப்பின் வாயில் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி அளவு சேற்றில் இறங்கி, கையை விட்டுக் கொத்துக் கொத்தாக அள்ளி எறிந்தார். நான் டார்ச் பிடித்தேன். கடைசியில் ஒரு பெரிய கொத்து வெளியே வந்ததும் பைப் களக் என்று ஒரு சத்தம் போட்டு இழுத்தது பாருங்கள், பத்தே நிமிடத்தில் வரப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. காலையில் ஏழு மணிக்குப் பள்ளத்தில் ஒரு அங்குலம்தான், பத்து மணிக்கு ஈரம் மட்டும்.

கோடி இருந்தும் வாய் அடைபட்டால் இல்லாத மாதிரிதான். அதனால் மூன்று மாற்றம். கடலைத் தோல் எல்லாவற்றையும் வாரி உரக்குழியில் போட்டுவிட்டு, பாதி மட்கிய இலையும் அதன்மேல் சரளையும் போட்டோம், இரண்டும் மிதப்பதில்லை. பைப் வாயில் கூண்டு மாதிரி வளைத்த ஜாலி. தட்டையாக வைத்தால் ஒரு மாவிலை போதும் அடைக்க, கூண்டாக இருந்தால் இலை சுற்றி ஒட்டிக்கொண்டாலும் மேல்வழி திறந்திருக்கும். மூன்றாவது, தண்ணீர் வந்து விழும் இடம். பைப்பிலிருந்து விழுந்த வேகத்தில் அங்கே ஒரு சட்டி அளவுக்குக் குடைந்து, இரண்டு வெட்டிவேர் தூரைப் பிடுங்கி எறிந்திருந்தது. கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் கழிக்கும் கருங்கல் துண்டுகள் ஒரு டிராக்டர் வாங்கி, தண்ணீர் முட்டி மோதி வேகம் குறைந்து பரவுகிற மாதிரி படியாக அடுக்கினோம்.

அதற்குப் பிறகு அக்டோபரில் தொடர்ந்து மூன்று நாள் மழை. மண் ஊறிவிட்டதால் மூன்றாவது நாள் நின்ற தண்ணீர் இறங்க முப்பது மணி நேரம் ஆனது. இதுதான் இதுவரை அதிகம். கொசு முட்டை விட்டுப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், இரண்டு நாளில் காயும் பள்ளத்தில் அது நடக்காது. மருந்து ஊற்ற வரும் அதே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், வேண்டுமென்றேதான்.

செடி: மழையை வைத்துத் தேர்ந்தெடுத்து ஏமாந்தது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஈரத்தில் நிற்கும் செடியாகப் பார்த்து நடச் சொல்வார்கள். அங்கே வருடம் முழுக்க ஏதாவது பெய்துகொண்டிருக்கும். நமக்கு ஆண்டு மழையே 850 மில்லிமீட்டர் சுற்றி, அதில் பெரும்பகுதி ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வந்துவிடும். என் நோட்டுப்படி பள்ளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றது மொத்தமாகவே பத்தொன்பது நாள். மற்ற நாளெல்லாம் அது ஒரு காய்ந்த செம்மண் பள்ளம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை உயிரோடு இருக்குமா என்று பார்த்துத்தான் செடி வாங்க வேண்டும், ஒரு நாள் தண்ணீரில் நிற்பதை அனேகமாக எல்லாச் செடியும் தாங்கும்.

வெட்டிவேர்தான் இதில் ராஜா. அடித்தரையில் பதினெட்டு தூர் நட்டேன், பிடுங்கப்பட்ட இரண்டை மறுபடி நட்டதும் பிடித்துக்கொண்டன. நிற்கும் தண்ணீரும் தாங்கும், மார்ச் வெயிலும் தாங்கும், வேர் நேராகக் கீழே போவதால் தண்ணீர் இறங்க வழி போட்டுக்கொடுக்கும். சரிவில் ஆடாதோடை, எலுமிச்சம்புல், கரைமேல் நொச்சி. ஆடாதோடையை ஆடு தொடாது, மாடும் தொடாது, கேட்டைத் திறந்து போட்டாலும் கவலை இல்லை. வல்லாரை நவம்பரில் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது, துவையல்கூட அரைத்தோம், பிப்ரவரியில் ஒரு இலைகூட இல்லை. (கூரைத் தண்ணீர் முதலில் பறவை எச்சத்தோடு வரும், அதனால் இந்தப் பள்ளத்துக் கீரையைப் பச்சையாகத் தின்பது உசிதமில்லை என்று பிறகுதான் தோன்றியது, துவையலுக்கு வதக்கித்தான் அரைத்தோம், போகட்டும்.) கல்வாழை மஞ்சள் பாய்ந்து பாதியாகக் குறுகிவிட்டது, கிழங்கு இருப்பதால் மழைக்கு வரும். இதற்கெல்லாம் நடுவில் கேட்காமல் வந்தது கோரை. கிழங்கோடு எடுக்காவிட்டால் ஒன்றுக்கு நாலாக வரும், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அதற்கே போகிறது. பராமரிப்பே இல்லாத தோட்டம் என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள்.

பாம்பு வராதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. இதுவரை வரவில்லை. வெட்டிவேரை வருடத்துக்கு இரண்டு தடவை ஒன்றரை அடிக்கு அரிந்துவிடுகிறோம், கல்லுக்கு நடுவில் பொந்து விடாமல் சரளையால் நிரப்பியிருக்கிறோம். போரில் தண்ணீர் ஏறியதா என்பது அடுத்த கேள்வி. எங்கள் போர் 700 அடி, பாறைக்குள். 112 சதுர அடிப் பள்ளம் அதை நிரப்பிவிட்டது என்று சொன்னால் அது கதை. ஃப்ளோரைடு குறையுமா என்றும் ஒருவர் கேட்டார். நம் மாவட்டத்து ஃப்ளோரைடு பாறையிலிருந்து வருவது, ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது, அதற்குத்தான் ஒகேனக்கல் தண்ணீர் 2013இலிருந்து வருகிறது. வாசல் பள்ளத்தை நம்பி யாரும் போர்த் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரையும் இதில் விட வேண்டாம், சோப்பும் உப்பும் சேர்ந்து மண்ணை அடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களை இதைச் செய்ய வைத்த ஃபெஞ்சல் மாதிரி மழைக்கு இந்தத் தோட்டம் பதில் இல்லை. ஊத்தங்கரையில் பெய்த அந்த 50 சென்டிமீட்டர் எங்கள் முன்பாதிக் கூரையில் விழுந்தால் 24,500 லிட்டர், பள்ளம் பிடிப்பது 1,250. அப்படிப்பட்ட நாளில் வீட்டைக் காப்பாற்றப்போவது செடியோ பள்ளமோ இல்லை, அந்த நாலு இஞ்ச் கோடிப் பைப்பும் வரப்பும்தான், அதுவும் வெளியே கால்வாய் நிரம்பாமல் இருந்தால். தோட்டத்தின் வேலை மற்ற மழைகளுக்கு. வருடத்தில் அந்தப் பாதிக் கூரையில் விழும் நாற்பதாயிரம் லிட்டருக்குச் சற்று மேலான தண்ணீரில் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்ன மழையாகத்தான் வருகிறது, போன பருவத்தில் கோடி போனது மொத்தமே நாலு தடவை.

செலவு: இரண்டு ஆள் இரண்டு நாள் கூலி 3,600, பைப், எல்போ, ஜாலி 3,150, செடி 1,400, கருங்கல் துண்டு ஒரு டிராக்டர் 800. மொத்தம் 8,950. முதல் குழியின் 4,200ஐ இதில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி, சேர்க்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் கட்சி.

போன மாதம் வடக்கு வீட்டு அக்கா வந்து தங்கள் வீட்டிலும் போட்டுத் தரச் சொன்னார். பந்தா காட்டாமல் கடப்பாரையும் மரஸ்கேலும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு அடிக் குழி எடுத்து இரண்டு தடவை நிரப்பி ஸ்கேலை நட்டோம். அவர்கள் கொட்டியது ஏரிக் களி. சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலை காபி குடிக்கும்போதும் ஒரு அங்குலம்கூடக் குறையாமல் அப்படியே நின்றது, மேலே ஒரு வேப்பம்பூ மிதந்துகொண்டிருந்தது. "அப்ப வேண்டாங்கிறியா?" என்றார். வேண்டாங்கக்கா என்றேன். தூம்புக்கு அடியில் வைக்க ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அது நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.